கைப்பிடியை நம்பலாமா?

கொல்லிமலைக்குப் போயிருப்பீர்கள். போகவில்லையென்றாலும் பரவாயில்லை, கற்பனையில் ஏறுங்கள். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். எண்ணிக்கொண்டே போனால் தலை சுற்றும். எண்ணாமல் போனால் வயிறு. மேலே செம்மேடு. வல்வில் ஓரி சிலை, பஸ், டீக்கடை, மிளகு, பலாப்பழம். அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்தால் அறப்பளீஸ்வரர் கோயில். கோயிலுக்குப் பக்கத்திலேயே ஆகாய கங்கை அருவிக்குப் படிகள் தொடங்கும். ஆயிரத்துக்கும் மேல். இறங்கும்போது சிரிப்பு, ஏறும்போது சிவசிவா!

படிகளின் ஓரத்தில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடிக் குழாய்கள் உண்டு. படி செங்குத்து. சாரல், பாசி, போதாக்குறைக்குக் குரங்குகள். அங்கே இரண்டு ஜாதி மனிதர்களைப் பார்க்கலாம். மலைக்குப் பழகியவர் குழாயைத் தொட்டும் தொடாமலும், பக்கவாட்டில் கால் வைத்து இறங்குவார். நம்மைப் போல டவுனிலிருந்து வந்தவர் குழாயின் மேல் மொத்த உடம்பையும் சாய்த்து, செல்போனை நீட்டி, 'இன்னும் கொஞ்சம் பின்னாடி வாடா' என்பார். அந்தக் குழாயைத் தாங்கி நிற்கும் தூணின் அடி எப்படி இருக்கிறது என்று குனிந்து பார்த்திருப்பாரா? மாட்டார். நாமும்தான்.

இப்போது ஒரு கேள்வி. கைப்பிடியே இல்லாத இடத்தில் ஒருவர் விழுகிறார். கைப்பிடி இருந்து, அது பெயர்ந்து இன்னொருவர் விழுகிறார். எது பெரிய தப்பு?

முதலாவதுதான் என்று சட்டென்று சொல்லத் தோன்றும். ஒன்றுமே செய்யாதவனைவிட ஏதோ செய்தவன் மேல் இல்லையா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. கைப்பிடி இல்லாத பாறை பொய் சொல்வதில்லை. 'நான் பள்ளம், ஜாக்கிரதை' என்கிறது. நீங்களும் உட்கார்ந்து, தவழ்ந்து, எப்படியோ சமாளிக்கிறீர்கள். கைப்பிடி போட்டவுடன் யாரோ ஒருவர் உங்களுக்கு வாக்குக் கொடுத்துவிடுகிறார். அந்த வாக்கை நம்பித்தான் உங்கள் ஜாக்கிரதையைக் கழற்றி வைக்கிறீர்கள். பெயரும் கைப்பிடி, உங்கள் ஜாக்கிரதையையும் வாங்கிக்கொண்டு பெயர்கிறது.

'அப்படியானால் போடாமலே இருந்துவிடலாமே சார்?' என்று கேட்க ஆள் இருக்கிறது. சிகாகோ பொருளாதாரப் பேராசிரியர் சாம் பெல்ட்ஸ்மேன் 1975-ல் கிட்டத்தட்ட இதைத்தான் எழுதினார்: காரில் பாதுகாப்பைக் கூட்டினால் ஓட்டுகிறவர் துணிச்சலைக் கூட்டிக்கொள்கிறார் என்று. பின்னால் வந்தவர்கள் அவருடைய கணக்கோடு நிறையச் சண்டை போட்டார்கள். அது கிடக்கட்டும். கைப்பிடி துணிச்சல்காரனுக்காகப் போடப்படுவதில்லை. முழங்கால் தேய்ந்த பாட்டிக்கு, இடுப்பில் குழந்தை வைத்திருக்கும் அம்மாவுக்கு அது இல்லையென்றால் அருவியே இல்லை. ஆகவே, போடத்தான் வேண்டும். போட்டபிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் சிக்கல்.

கடலில் போகிறவர்கள் இதை அனுபவித்தே தெரிந்துகொண்டிருக்கிறார்கள். பாய்மரப் படகின் விளிம்பைச் சுற்றித் தூண் நட்டுக் கம்பி கட்டியிருப்பார்கள். அதற்குப் பெயரே லைஃப்லைன், உயிர்க்கம்பி. பழைய படகுகள் பலவற்றில் அது ஒன்றரை அடி உயரம்தான். அலையில் படகு சாயும்போது முழங்காலில் தட்டி, ஆளைத் தலைகுப்புறக் கடலில் தள்ள அந்த உயரம் வசதியானது! இன்றைய கடல் பந்தய விதிகள் பெரிய படகுகளுக்குக் குறைந்தது 60 சென்டிமீட்டர் கேட்கின்றன. இன்னொரு வேடிக்கை. கைக்கு இதமாக இருக்கட்டும் என்று கம்பிக்கு வெள்ளை பிளாஸ்டிக் உறை போட்டார்கள். உப்புத் தண்ணீர் உறைக்குள் புகுந்து தங்கிவிட்டது. வெளியே பளபள, உள்ளே துரு. அந்த உறை போட்ட கம்பி வேண்டவே வேண்டாம் என்று பந்தய விதி சொல்லிவிட்டது. கம்பி அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை, கண்ணுக்குத் தெரியட்டும்.

நம் நாட்டில் அந்தப் பாடத்துக்குக் கொடுத்த விலை மிக அதிகம். குஜராத் மோர்பியில் மச்சு நதியின் மேல் 19-ஆம் நூற்றாண்டுத் தொங்குபாலம். பழுது பார்த்து, 2022 அக்டோபர் 26 அன்று திறந்தார்கள். மரத் தளத்தை எடுத்துவிட்டு அலுமினியத் தளம். புதுசு போல இருந்தது. நான்கு நாள் கழித்து, அக்டோபர் 30 மாலை, பாலம் அறுந்தது. 135 பேர் இறந்தார்கள், அதில் பல குழந்தைகள். சிறப்புப் புலனாய்வுக் குழு பிறகு சொன்னது: அறுந்த முக்கிய வடத்தின் 49 இழைகளில் 22 ஏற்கெனவே அரித்துப் போயிருந்தன. எடை தாங்குமா என்ற சோதனை செய்யாமலே திறந்திருக்கிறார்கள். காலுக்குக் கீழே தெரிவதை மாற்றினார்கள். தாங்கிப் பிடிப்பதை மாற்றவில்லை. பழைய பாலமாகவே தெரிந்திருந்தால் நாலு பேராவது தயங்கியிருக்க மாட்டார்களா?

காமர்ஸ் படித்தவன் என்பதால் எனக்கு இது கணக்குப் புத்தகமாகவே தெரிகிறது. புதுக் கைப்பிடி போடுவது முதலினச் செலவு. அதற்கு டெண்டர் உண்டு, திறப்பு விழா உண்டு, பெயர் பொறித்த கல் உண்டு. வருஷா வருஷம் தூணை ஆட்டிப் பார்த்து போல்ட்டை முடுக்குவது வருவாயினச் செலவு. பட்ஜெட்டில் முதலில் வெட்டு விழுவது அதற்குத்தான். துருப்பிடித்த போல்ட்டை மாற்றியதற்கு எந்த ஊரிலாவது கல்வெட்டு பார்த்திருக்கிறீர்களா? மாற்றியதால் யார் பிழைத்தார் என்று காட்டவும் முடியாது. பிழைத்தவருக்கே தெரியாதே! அவர் அருவியில் குளித்து, செம்மேட்டில் டீ குடித்து, பேரம் பேசி மிளகு வாங்கி, வீட்டுக்குப் போய்த் தூங்கிவிடுகிறார்.

ஆடிப் பதினெட்டை ஒட்டி வல்வில் ஓரி விழா வரும். மலையில் கூட்டம் நெரியும். அதற்கு முந்தின வாரம், கையில் ஸ்பானரோடு ஒருவர் அந்த ஆயிரம் படியும் இறங்கி, ஒவ்வொரு தூணாக ஆட்டிப் பார்த்துக்கொண்டே ஏறி வரவேண்டும். அவர் சம்பளத்தோடு முழங்கால் தைலத்துக்கும் சேர்த்து எழுதிவிடுங்கள். வருவாயினச் செலவில்தான்.