படி என்று சொல்ல நமக்கு உரிமை உண்டா?



தீபாவளி முடிந்து மூன்றாம் நாளோ நான்காம் நாளோ இரவில் பதுளை பஸ் நிலையத்தில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். கொழும்பு பஸ்ஸில் ஏறுகிறவர்களிடையே புதுச் சட்டை அணிந்த இளைஞர் சிலர் இருப்பர். புறக்கோட்டைக் கடைகளிலே வேலை செய்பவர்கள். பண்டிகைக்காகத் தோட்டத்துக்கு வந்து திரும்புகிறவர்கள். அவர்களில் சிலருக்குப் பக்கத்தில் பதினைந்து, பதினாறு வயதுப் பையன் ஒருவன் நிற்பான். அவன் தோளில் தொங்குவது பாடசாலைப் பை. உள்ளே இரண்டு சாரமும் ஒரு துவாயும் இருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன், பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் அப்படிப் புறப்பட இருந்த ஒரு பையனைத் தடுத்து நிறுத்த நான் போனேன். பத்தாம் வகுப்பு மாணவன். லயத்துத் திண்ணையில் அமர்ந்து, அவன் தாய் தந்த தேநீரைக் குடித்துக்கொண்டே, கல்வியின் பெருமையை ஒரு மணி நேரம் எடுத்துரைத்தேன். நன்றாகவே பேசினேன் என்றுதான் எனக்கு நினைப்பு. பையன் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில் மெதுவாகச் சொன்னான்: “சார் சொல்றதெல்லாம் சரிதான். அடுத்த மாசம் கடைக் கணக்க யார் கட்றது?”

என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. அவன் போய்விட்டான். நானும் என் வீட்டுக்குப் போய்விட்டேன்.

அன்று முதல் என்னை விட்டகலாத கேள்வியையே இன்று உங்கள் முன் வைக்கிறேன். பசித்த வீட்டுப் பிள்ளையிடம் ‘படி’ என்று சொல்ல, அந்த வீட்டுப் பாரத்தில் ஒரு விரலும் கொடாத நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

“கல்விதான் இலவசமாயிற்றே, படிக்காதது அவர்கள் குற்றம்” என்று நம்மில் பலர் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இந்நாட்டில் 1945-ஆம் ஆண்டு இலவசக் கல்வி வந்தது மெய்யே. ஆனால் அந்த வெளிச்சம் தோட்டத்து லயங்களை எட்ட எத்தனை ஆண்டுகள் சென்றன என்பதையும் சேர்த்தல்லவா சொல்ல வேண்டும்? 1920-ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின் மேல் சுமத்தியது. அதுவும் ஆறு வயது முதல் பத்து வயது வரைக்கும் மட்டுமே. பத்து வயதுக்குமேல் கொழுந்து பறிக்கக் கை வேண்டும் அல்லவா! ஒரே ஆசிரியர், ஒரே அறை, எல்லா வகுப்பும் ஒன்றாக இருந்து படித்த பாடசாலைகள் அவை. எழுபதுகளிலேதான் அரசாங்கம் அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. இதற்கிடையே 1948-ஆம் ஆண்டுச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்தது. 1964-ஆம் ஆண்டு இரு நாட்டுத் தலைவர்களும் கூடி, இத்தனை இலட்சம் பேர் உனக்கு, இத்தனை இலட்சம் பேர் எனக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். எந்த நாட்டில் வாழப்போகிறோம் என்றே தெரியாத தகப்பன் பிள்ளையின் படிப்பைப் பற்றி என்ன திட்டம் போட்டிருப்பான்?

ஆகவே இப்பிள்ளைகளுக்கு நாம் செய்வது தருமம் அன்று, கடன் என்றே நான் எண்ணுகிறேன். இம்மக்களின் உழைப்பால் வந்த ஏற்றுமதிப் பணத்தில் இந்த நாடு பல்லாண்டு காலம் வாழ்ந்தது. நான் கற்ற பாடசாலையும் நீங்கள் மருந்து வாங்கிய ஆஸ்பத்திரியும் அதிலே பங்கு பெற்றவைதாம். தருமம் என்றால் மனமிருந்தால் கொடுக்கலாம், இல்லாவிட்டால் விடலாம். கடன் அப்படியா? கடனைத் திருப்பிக் கொடுக்கப் போகிறவன் மாலையை எதிர்பார்ப்பதில்லை. படம் பிடிக்க ஆளையும் கூட்டிப் போவதில்லை. (கொப்பிகள் வழங்கும் வைபவங்களில் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தி வைக்கும் அன்பர்கள் மன்னிக்க.)

கடன் என்றால் வேறொன்றும் இருக்கிறது. கெட்டிக்காரனுக்கு மட்டும் கொடுப்பேன் என்று சொல்ல முடியாது. நம்முடைய புலமைப்பரிசில்களைப் பாருங்கள். ஐந்தாம் ஆண்டில் சித்தியடைந்தவனுக்கு ஒன்று. சாதாரண தரத்தில் ஒன்பது பாடத்திலும் ‘ஏ’ எடுத்தவளுக்கு ஒன்று. நல்லதே. ஆனால் கணிதத்தில் முப்பது புள்ளி எடுக்கும் பையனை யார் தேடுகிறார்கள்? படிப்பை விட்டு விழுபவன் அவனே. அவன் விழும்போது ஓசை கேட்பதில்லை. முதலில் திங்கட்கிழமைகளில் வரமாட்டான். பிறகு தவணைப் பரீட்சைக்கு வரமாட்டான். சப்பாத்து கிழிந்துவிட்டது என்பான். பஸ் காசு இல்லை என்பான். ஆசிரியர் இடாப்பில் சிவப்புக் கோடு போடுவார். ஒரு நாள் பெயர் வெட்டப்படும். ஐந்தாம் வகுப்போடோ ஒன்பதாம் வகுப்போடோ முடிகிற தோட்டப் பாடசாலையை விட்டு, விடியுமுன் எழுந்து பசறைக்கோ பண்டாரவளைக்கோ ஹாலி-எலைக்கோ போக வேண்டிய வயதிலேதான் இது பெரும்பாலும் நடக்கிறது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஓர் ஆசிரியரால் இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருக்க இயலாது. இதற்கென்றே ஒருவர் வேண்டும். அவர் பெரிய படிப்புப் படித்தவராக இருக்க வேண்டியதில்லை. ‘ஏன் நேற்று வரவில்லை?’ என்று லயத்துக்கே வந்து கேட்கிறவராக இருந்தால் போதும்.

“அவர்களுக்குப் படிப்பில் ஆசையே இல்லை” என்பார் சிலர். 2021-ஆம் ஆண்டு நோய்த்தொற்றினால் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது, இதே பதுளை மாவட்டத்துப் போகிட்டியாவைக் கிராமத்துப் பிள்ளைகள், தொலைபேசிக்கு அலை கிடைக்கும் ஒரே இடமான மலையுச்சிக்குக் காட்டு வழியே ஏறிப் போய்ப் பாடம் கேட்டார்கள். அவர்கள் சிங்களப் பிள்ளைகள். எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளும் அந்நாட்களில் அலை தேடி மேடு ஏறியவர்கள்தாம். ஆசை இல்லாதவன் மலை ஏறுவானா?

சரி, அந்தப் பையன் கேட்ட கடைக் கணக்குக்கு வருவோம். தோட்டத்து நாட்சம்பளம் 2021-ஆம் ஆண்டு ஆயிரம் ரூபாய்; 2024-ஆம் ஆண்டு அது ஆயிரத்து முந்நூற்று ஐம்பது ஆயிற்று. அந்தச் சம்பளத்தில் மாதம் இருபது நாள் பெயர் விழுந்தால் அப்போது 27,000 ரூபாய். அதிலும் பிடிப்புகள் போகும். குறித்த அளவு கொழுந்து இல்லாவிட்டால் அரைப் பெயர். 2022-ஆம் ஆண்டு விலைவாசி ஏறியதை நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த வீட்டில் பதினாறு வயதுப் பையன் கடையிலிருந்து அனுப்பும் பணம் என்பது ஆடம்பரம் அன்று, அரிசி. அவன் மூடன் அல்லன். தாய்க்குத் தோள் கொடுக்கப் போகிறவன். அப்படிப் போய்ப் பின்னர் சொந்தக் கடை வைத்தவர்களும் உண்டு. அவர்களை நான் குறைவாகப் பேசமாட்டேன்.

அதனாலேயே புத்திமதியோடு வேலையும் சேர்ந்து வர வேண்டும் என்கிறேன். இதில் ஆபத்தும் இருக்கிறது. இரக்கத்தின் பெயரால் பையனைச் சனி ஞாயிறு கடையில் சேர்த்துக்கொள்ளும் முதலாளி, மெல்ல மெல்ல வெள்ளிக்கிழமையையும் எடுத்துக்கொள்வார். பதினாறு வயதுவரை கட்டாயக் கல்வி என்று 2016-லேயே விதித்தாயிற்று. 2021-இல் வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயதும் பதினாறாக உயர்த்தப்பட்டது. ஆகவே அதற்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு வேலை கொடுக்காதீர்கள். அவன் தாய்க்கோ தமையனுக்கோ கொடுங்கள். பதினாறு தாண்டியவனுக்கு விடுமுறையில் மட்டும் கொடுங்கள். பண்டாரவளையிலும் பதுளையிலும் கடை, கராஜ், அச்சகம் வைத்திருக்கும் வாசகர் எத்தனை பேர்! “பரீட்சையை எழுதி முடித்துவிட்டு வா, உனக்கு என்னிடம் இடம் இருக்கிறது” என்று ஒரு முதலாளி பையனின் தகப்பன் முன்னிலையில் சொல்லும் ஒரு சொல், பத்துக் கொப்பிகளைவிடப் பெறுமதியானது. படிப்பின் முடிவில் ஏதோ இருக்கிறது என்று அவ்வீடு முதன்முறையாக நம்புகிறது.

சாதாரண தரத்தில் தவறினால் எல்லாம் தீர்ந்தது என்றும் எண்ணுகிறார்கள். 2017-ஆம் ஆண்டு தொடங்கிய பதின்மூன்று வருட உத்தரவாதக் கல்வித் திட்டம், அப்பரீட்சையில் தவறியவர்களும் தொழிற்பாடங்களோடு மேலே படிக்கவென்றே ஏற்பட்டது. தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்கள் இருக்கின்றன. தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் இருக்கிறது. ஆனால் விண்ணப்பம் எங்கே, எந்த மொழியில், எந்தத் திகதிக்குள் என்பது லயத்துக்குத் தெரியாது. தெரிந்தவர்களாகிய நாம் வாயைத் திறப்பதில்லை. படித்து மேலே வந்த எங்களில் சிலர், ஊர் எது என்று கேட்டால் நகரத்தின் பெயரைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறோமே, இந்த மௌனமும் அதே வகையைச் சேர்ந்ததுதான்.

பெண் பிள்ளையின் கதை வேறு. தாய் மத்திய கிழக்குக்குப் போனால் தம்பி தங்கைக்குச் சோறாக்க நிற்பவள் மூத்தவள். அவள் படிப்பை நிறுத்தியதாக யாரும் சொல்வதில்லை. ‘வீட்டைப் பார்த்துக்கொள்கிறாள்’ என்பார்கள். அவளுக்குப் பணமும் வேலையும் பயன்படா. மாலையில் அந்தச் சின்னஞ்சிறுசுகளைப் பார்த்துக்கொள்ள அடுத்த காம்பிராவில் ஓர் ஆச்சி கிடைத்தால் அவள் பரீட்சை எழுதுவாள்.

2014 ஒக்டோபர் 29-ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியபோது, நாடெங்கிலுமிருந்து லொறி லொறியாக உதவி வந்தது. மனித நெஞ்சு ஈரமற்றதன்று. ஆனால் மலை சரிந்தால்தான் நாம் ஓடுகிறோம். ஒரு பிள்ளை மெதுவாகச் சரிவதற்கு இரண்டு மூன்று ஆண்டு செல்கிறது. அத்தனை காலம் நிற்க நம்மிடம் பொறுமை இல்லை.

அந்தப் பையனைத் தோற்ற பிறகு, அடுத்த ஆண்டு வேறொரு வீட்டுக்குப் போனேன். இம்முறை பிரசங்கம் செய்யவில்லை. காகிதமும் பேனாவும் கொண்டுபோய், பஸ் காசு, வகுப்புக் காசு, கடைக் கணக்கு எல்லாவற்றையும் தாயோடு உட்கார்ந்து எழுதினேன். நண்பர் மூவர் மாதந்தோறும் இவ்வளவு தருவதாகச் சொன்னதையும் காட்டினேன். அந்த அம்மா காகிதத்தைப் பார்க்கவில்லை.

“காசு கெடக்கட்டும் சார். விடியக்காலயில நான் பெரட்டுக்குப் போயிருவேன். திங்கக்கிழம இவன எழுப்பிவிட நீங்க வருவீங்களா?”

நான் இருப்பது பதினைந்து மைலுக்கு அப்பால். கீழ் லயத்தில், உயர்தரம் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த வாலிபன் ஒருவனைக் கண்டு பேசினேன். முதலில் சிரித்தான். பிறகு ஒத்துக்கொண்டான். அந்த வருடம் முழுவதும் திங்கட்கிழமை தோறும் அதிகாலை ஐந்து மணிக்கு டோர்ச் லைட்டுடன் மேல் லயத்துக்கு ஏறி, அந்தக் கதவைத் தட்டினான்.