வரைந்த துரு

துரு ஒரு நிறமல்ல. இரும்பும் நீரும் காற்றும் சேர்ந்து, யாரும் கவனிக்காத நேரத்தில் செய்துமுடித்த வேலை அது. அதை ஒரு நிறமாகப் பாவித்துப் புட்டியில் அடைத்து, தூரிகையால் தொட்டுப் பூசலாம் என்று வரும்போது ஒரு கேள்வி எழுகிறது. நடக்காத ஒன்றின் தடயத்தை ஒரு பொருளின்மேல் வைக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? வழக்கமாகக் கவிதையை முன்னிட்டு நாம் கேட்டுக்கொள்ளும் கேள்விதான். அனுபவமா உத்தியா என்று வாதித்து, பேச்சுவார்த்தை நின்றுபோன நண்பர்களும் நம்மிடையே உண்டு. கவிதையை வைத்துப் பேசினால் எழுதியவன் குறுக்கே வந்து நின்றுகொள்கிறான். எனவே இங்கே ஒரு பிளாஸ்டிக் காரை வைத்துக் கேட்டுப் பார்க்கிறேன்.

1932ஆம் வருஷத்து ஃபோர்டு கூபேயை 'ஹாட் ராட்' ஆக மாற்றிய வண்டியின் 1/25 அளவு மாதிரி அது. பெட்டியைத் திறந்தால் பாலிஸ்டைரீன் சட்டங்களில் கிளைகிளையாகத் தொங்கும் பாகங்கள், அவற்றுக்கு எண்கள், ஒரு செய்முறைத் தாள். வெட்டியெடுத்து, அச்சின் விளிம்புக் கோட்டை உப்புத்தாளால் தேய்த்து, ஒட்டி, வர்ணம் பூச வேண்டும். நிஜ வண்டியில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 106 அங்குலம். மாதிரியில் அது 11 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பாடி இப்போது வெள்ளைப் பிரைமரோடு என் மேஜைமேல் இருக்கிறது. அதன்மேல் துரு வைப்பதா வேண்டாமா என்பதுதான் பிரச்னை.

ஹாட் ராட் தெற்குக் கலிஃபோர்னியாவில் 1930களில் உருக்கொண்ட ஒரு வழக்கம். ஃபோர்டின் 'மாடல் டி' 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் தயாராகியிருந்தது. பழைய வண்டிகள் மலிவாகக் கிடைத்தன. 1929இன் வீழ்ச்சிக்குப் பிறகு புது வண்டியை நினைத்துப் பார்க்க முடியாத இளைஞர்கள் அவற்றை வாங்கினார்கள். மட்கார்டுகளைக் கழற்றி எறிந்தார்கள். வேறு வண்டியின் எஞ்சின், இன்னொன்றின் அச்சு, பழைய இரும்புக் கடையில் கிடைத்த கார்புரேட்டர் என்று பொருத்தி, முரோக் போன்ற வறண்ட ஏரிப்படுகைகளில் வேகம் பார்த்தார்கள். 1932இல் ஃபோர்டு, சாமானியன் வாங்கக்கூடிய விலையில் 65 குதிரைச்சக்தி கொண்ட எட்டு சிலிண்டர் எஞ்சினைக் கொண்டுவந்தது. பின்னாட்களில் அந்த எஞ்சினும் அந்த வருஷத்துப் பாடியும் இந்த வழக்கத்தின் மூலப் படிமமாகவே ஆகிவிட்டன. 1937இல் தென் கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன் ஏற்பட்டது. 1948 ஜனவரியில் 'ஹாட் ராட்' என்ற பெயரிலேயே பத்திரிகை வந்தது. 1949இலிருந்து யூட்டாவின் பான்வில் உப்புவெளியில் பந்தயம் நடக்கத் தொடங்கியது.

லெவி ஸ்ட்ராஸ் 1962இல் வெளியிட்ட நூலின் முதல் அத்தியாயத்தில் கைக்குக் கிடைத்ததை வைத்துச் சமாளித்துப் படைப்பவனைப் பற்றிப் பேசுகிறார். அவனிடம் திட்டத்துக்கென்று செய்த பாகங்கள் இல்லை. வேறு காரியங்களில் மிஞ்சியவை இருக்கின்றன. ஹாட் ராட் கட்டிய பையன் இந்த விவரிப்புக்கு அப்படியே பொருந்துகிறான். அதே அத்தியாயத்திலேயே அவர் சிற்றளவு மாதிரியைப் பற்றியும் பேசுவது இங்கே கவனிக்கத்தக்கது. பெரிய பொருளைப் பகுதி பகுதியாகத்தான் அறிகிறோம். சிறிதாக்கப்பட்டதில் முழுமை முதலில் பிடிபடுகிறது, பகுதிகள் பின்னால் வருகின்றன என்பது அவர் வாதம். ஆக, பையன் பகுதிகளிலிருந்து தொடங்கி, என்ன வரும் என்று தெரியாத ஒரு முழுமைக்குப் போனான். நானோ பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் முழுமையிலிருந்து எண்ணிட்ட பகுதிகளுக்கு வருகிறேன். தொழிற்சாலையை மீறிச் செய்த காரியம், தொழிற்சாலையில் வார்க்கப்பட்டு என் கைக்கு வந்திருக்கிறது. 1958இல் ஏஎம்டி கம்பெனி ஒரே பெட்டியில் மூன்று விதமாகக் கட்டக்கூடிய கிட்டுகளை விற்கத் தொடங்கியது. அசல் கார், அலங்கரித்த கார், பந்தயக் கார். மீறலும் மூன்றில் ஒரு தேர்வு.

இதை வைத்து மாதிரி செய்பவனை ஏளனம் செய்வது சுலபம். அந்த ஏளனம் எனக்கு உவப்பானதல்ல. வெண்பா எழுதியவனுக்கும் எண்ணிட்ட பெட்டிதான் கிடைத்தது. எனக்குச் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது.

அந்தப் பையன்கள் துருவை விரும்பியவர்கள் அல்ல. அவர்கள் டிங்கரிங் செய்தார்கள், பட்டி பார்த்தார்கள், தேய்த்தார்கள். கையில் காசு தீர்ந்த இடத்தில் பிரைமரோடு நிறுத்தினார்கள். மேல்வர்ணம் பூசாத அந்தச் சாம்பல் நிறம் அவர்களுடைய ரசனையைச் சொல்லவில்லை, சம்பளத்தைச் சொன்னது. காசு வந்தபோது வெள்ளியோ பொன்னோ அடியில் பூசி, அதன்மேல் ஒளி ஊடுருவும் சிவப்பைப் பல பூச்சுகள் ஏற்றினார்கள். வெளிச்சம் உள்ளே போய்ப் பட்டுத் திரும்பும் அந்த வர்ணத்துக்கு 'கேண்டி' என்று பெயர். பல பத்தாண்டுகள் கழித்து, 'ராட் ராட்' என்ற பெயரில் வேறொரு மோஸ்தர் வந்தது. இதில் துரு வேண்டும். இல்லாவிட்டால் வரவழைக்க வேண்டும். நல்ல தகட்டில் உப்புநீரும் அமிலமும் தெளித்துத் துருப்பிடிக்க வைத்து, பின் அதன்மேல் நிறமற்ற வார்னிஷ் பூசித் துருவை மேற்கொண்டு வளரவிடாமல் நிறுத்திவிடுகிறார்கள். காசில்லாததால் நேர்ந்தது, காசு கொடுத்து வாங்கும் தோற்றமாகிவிட்டது. கிட் கட்டுகிறவர்களுக்கும் துரு நிறம், புழுதி நிறம் எல்லாம் தனித்தனிப் புட்டிகளில் கிடைக்கின்றன.

பிளேட்டோ தன் 'குடியர'சின் பத்தாம் பகுதியில் மூன்று கட்டில்களை அடுக்குகிறார். கடவுள் செய்தது, தச்சன் செய்தது, ஓவியன் வரைந்தது. உண்மையிலிருந்து மிகவும் விலகி நிற்பது ஓவியனின் கட்டில். நம் விஷயத்திலும் ஒரு படிவரிசை போடலாம். மழையில் நின்று துருப்பிடித்த தகடு. வார்னிஷால் நிறுத்தப்பட்ட துரு. வேண்டுமென்றே வரவழைத்த துரு. துருப்பிடிக்கவே முடியாத பிளாஸ்டிக்கின்மேல் வரைந்த துரு. பிளேட்டோவின் கணக்கில் கடைசிதான் மிகப் பெரிய பொய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூன்றாவதுதான் இவற்றில் மோசமானது. நிஜ அளவில், நிஜ இரும்பில், நிஜத் துருவாக நின்றுகொண்டு, இல்லாத ஐம்பது வருஷங்களை அது தன் கணக்கில் எழுதிக்கொள்கிறது. வேதியியல் ரீதியாக அதில் பொய்யே இல்லை என்பதுதான் அதன் பொய். மேஜைமேலிருக்கும் 11 சென்டிமீட்டர் விவகாரமோ, தான் கார் அல்ல என்பதைத் தன் அளவாலேயே சொல்லிவிடுகிறது. சிறுமை அதன் வாக்குமூலம்.

ஆனால் அளவு மட்டும் ஒருவனை விடுவித்துவிடாது. மைக்கேல் பால் ஸ்மித் என்ற அமெரிக்கர் 1/24 அளவுக் கார்களை மேஜையில் வைத்து, பின்னால் தொலைவில் தெரியும் உண்மையான மரங்களும் வீடுகளும் சரியான விகிதத்தில் அமையும்படி புகைப்படம் எடுத்தார். 'எல்ஜின் பார்க்' என்ற இல்லாத ஊர் அந்தப் படங்களில் இருந்தது. பார்த்தவர்கள் பழைய ஊர் ஒன்றின் படங்கள் என்றே எடுத்துக்கொள்ளக்கூடிய அளவுக்கு இருந்தது. புகைப்படத்தில் அளவு அழிந்துவிடுகிறது. வாக்குமூலமும் கூடவே போய்விடுகிறது. 2018இல் மறைந்த ஸ்மித் மேஜையும் பொம்மைக் காரும் தெரியும் படங்களையும் சேர்த்தே காட்டிவந்தார். அது வெறும் தொழில்நுட்பப் பெருமையல்ல என்று நினைக்கிறேன். அளவு செய்துவந்த வேலையை அளவு மறைந்த இடத்தில் அவரே செய்தார். அச்சில் வரும் கவிதைக்கும் உடம்பின் அளவு கிடையாது. யார் எந்த மேஜையிலிருந்து எழுதினார்கள் என்பது பக்கத்தில் தெரிவதில்லை.

சரி, மேஜையும் தெரிகிறது, அளவும் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் வரைந்த துரு பொய் சொல்ல முடியுமா? முடியும். 'எனக்கு வயதாகிவிட்டது' என்று அது சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை. 'வயதாவது இப்படித்தான்' என்று அது சொல்கிறது. இந்த இரண்டாவது வாக்கியம் சரியாகவோ தப்பாகவோ இருக்க முடியும். சோதித்துப் பார்க்கவும் முடியும்.

இரும்பு துருவாக மாறும்போது பருமன் கூடுகிறது. அதனால் வர்ணத்தின் அடியில், மூட்டுகளிலும் மடிப்புகளிலும் தொடங்கிய துரு வர்ணத்தைக் கொப்புளமாகத் தூக்கி உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. எங்கே நீர் தேங்குகிறதோ அங்கே அது வரும். கதவின் கீழ்விளிம்பில், கண்ணாடிச் சட்டத்தின் மூலையில், சேறு அடைந்துகிடக்கும் மடிப்பில். கூரையின் நடுவில் அவ்வளவு சீக்கிரம் வராது. துருவை நிறமாக மட்டும் அறிந்தவன் காவிப்பழுப்பைப் பாடி முழுக்கச் சமமாகத் தெளிப்பான். பார்க்க அழகாகத்தான் இருக்கும். அந்தக் காரின்மேல் மழை பெய்யவில்லை என்பதும் தெரிந்துவிடும். துன்பத்தைச் சமமாகத் தெளித்த கவிதைகளை நாம் ஏராளமாகப் படித்திருக்கிறோம். அவற்றிலும் மழை எங்கே பெய்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

தேர்ந்த மாதிரிக் கலைஞர்கள் கைக்கொள்ளும் முறை இந்த இடத்தில் எனக்கு வியப்பளிக்கிறது. அவர்கள் முதலில் பாடி முழுவதற்கும் துரு நிறம் பூசுகிறார்கள். அதை வார்னிஷால் காத்துவிட்டு, மேலே ஹேர் ஸ்ப்ரே அடிக்கிறார்கள். அது காய்ந்தபின் காரின் வர்ணம். பிறகு ஈரத் தூரிகையால் தேய்த்தால் நீர் கசிந்து ஹேர் ஸ்ப்ரே இளகுகிறது. மேல்வர்ணம் சில்லுச் சில்லாகப் பெயர்ந்து அடியிலிருக்கும் துரு தெரிகிறது. இன்னொரு முறை, ஈரப் பரப்பில் பொடியுப்பைத் தூவி, மேலே வர்ணம் தெளித்து, காய்ந்தபின் உப்பைத் தட்டிவிடுவது. பான்வில் வெளியில் நிஜக் கார்களை அரித்த அதே உப்பு இங்கே அரிப்பை நடிக்கிறது. ஆனால் அரை மில்லிமீட்டர் உப்புக்கல் இந்த அளவில் ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட ஓட்டையாகிவிடும். 0.1 மில்லிமீட்டர் வர்ணப்பூச்சு 2.5 மில்லிமீட்டர் தடிமனாகிவிடும். காரைச் சிறிதாக்கலாம்; உப்பையும் நீரையும் பூச்சையும் கூடவே சிறிதாக்க முடிவதில்லை.

இந்த முறைகளில் ஒரு சிரத்தை இருக்கிறது. துருவின் தோற்றத்தை மேலே வரைவதை விட்டுவிட்டு, அடியிலிருந்து வெளிப்படும் அதன் நடத்தையை நடத்திப் பார்க்கிறார்கள். ஆனால் வரிசையோ தலைகீழ். நிஜத்தில் வர்ணம் முந்தியது, துரு பிந்தியது. இங்கே துரு முதலில் தயாராக இருக்கிறது, அதன்மேல்தான் இளமை பூசப்படுகிறது. முடிவைத் தெரிந்துகொண்டு தொடக்கத்தை எழுதுகிறவனின் காலம் இது. கலையில் இதைத் தவிர்க்க வழியில்லை. அதனால்தான், முடிவைக் கையில் வைத்திருப்பவனுக்கு இடையில் நடந்ததைப் பற்றிக் கூடுதலான கடமை இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

இடையில் நடந்தது என்ன என்று கேட்கத் தொடங்கினால் காரிலேயே நிற்க முடிவதில்லை. இடது கதவின் அடியில் துரு அதிகம் என்று வைத்தால், அந்தப் பக்கம் கார் எதன் ஓரமாக நின்றது? கூரை ஒழுகிய கொட்டகையா, புல் வளர்ந்த வேலியா? ஜன்னல் விளிம்பில் வர்ணம் தேய்ந்திருக்கிறது என்றால் அங்கே ஒரு முழங்கை இருந்திருக்க வேண்டும். கோடையில் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினவனுடைய முழங்கை. கதவுப்பிடியைச் சுற்றி வர்ணம் போயிருந்தால் ஒரு கை அதை ஆயிரக்கணக்கான முறை தொட்டிருக்க வேண்டும். பிறகு ஒருநாள் அந்தக் கை வரவில்லை. கார் அங்கேயே நின்றது. போருக்குப் போனானா, வேறு கார் வாங்கினானா, செத்துப்போனானா? இதற்கெல்லாம் விடை கிட்டின் தாளில் கிடையாது. எந்த எண்ணிட்ட பாகமும் இதற்கு உதவாது. பெட்டிக்காரன் தர முடியாத ஒன்றை நான் தரவேண்டிய இடம் இதுதான்.

எனவே என் முடிவு இது. துரு வைக்கலாம். காரணம் சொல்ல முடிகிற இடத்தில் மட்டும் வைக்க வேண்டும். அந்த இடத்தில் நீர் எப்படி நின்றது, அந்த விளிம்பை யாருடைய உடம்பு தேய்த்தது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாத இடங்களில் மங்கலான பிரைமர் போதும். அந்தப் பையன்களும் தங்களால் முடியாத இடத்தில் அதோடுதான் நிறுத்தினார்கள். அந்த வறட்சியில் கௌரவக் குறைவு ஏதும் இல்லை.

நான் வாழாத வாழ்வின் தழும்பை நான் எழுதலாமா என்ற கேள்விக்கும் இதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை. எழுதலாம். தழும்பு நிறமாக மட்டும் தெரிகிறவரைக்கும் எழுதக்கூடாது. தழும்பு இருக்கிற உடம்பு எந்தப் பக்கம் சாய்ந்து உட்காரும், எந்தத் தோளில் சுமை ஏற்றும், மழை வந்தால் எந்தச் சுவரோரம் ஒதுங்கும் என்று தெரிகிறபோது, நமக்குத் தேவைப்பட்ட தழும்பை விடவும் அதிகமாக அந்த மனிதன் நம் கையில் வந்துவிடுகிறான். அதற்குப் பிறகு துரு எவ்வளவு குறைவாகப் போதும் என்பது ஆச்சரியமாக இருக்கும்.