குறி காணாத வழி



பகவன் புத்தரின் சரிதத்திலும் அறவுரைகளிலும் குதிரை அடிக்கடி வருகின்றது. கபிலவத்துவை விட்டுச் சித்தார்த்தர் வெளியேறிய இரவில் அவரைச் சுமந்து சென்றது கந்தகன் என்னும் புரவி. முப்பது யோசனைத் தூரத்தை ஒரே இரவில் கடந்து அனோமை ஆற்றங்கரையை அது அடைந்ததென நிதானகதை கூறும். குதிரை பழக்கும் தொழிலினனாகிய கேசி என்பவனோடு பகவர் உரையாடிய செய்தி அங்குத்தர நிகாயத்தில் உள்ளது. ஆயின், இன்று நாம் எடுத்துக்கொண்டது மகதத்துக் குதிரையன்று. கடல் கடந்த நாட்டுக் குதிரை. அதன் முதுகில் ஒரு குடும்பம் வழி தவறிப்போவதைப் பற்றியே சிறிது சிந்திக்கப் புகுகின்றோம். இதில் தம்மம் எங்கே உள்ளது என்று நீங்கள் கேட்கலாம். பொறுமையோடு கேளுங்கள்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், 1955ஆம் ஆண்டு, வெண்டெல் ராபி என்பவரும் அவருடைய தோழர் சிலரும் தாகோ ஏரிப் பக்கத்திலிருந்து புறப்பட்டு, சியரா நெவாடா மலைத்தொடரைக் கடந்து, ஆபர்ன் என்னும் ஊரைக் குதிரை மீது சென்றடைந்தனர். தூரம் 100 மைல். எடுத்துக்கொண்ட காலம் 24 மணி நேரத்திற்குள். மோட்டார் வண்டி வந்துவிட்ட காலத்துக் குதிரைக்கு இத்தனை வலிமை இராது என்று சொன்னவர்களுக்கு அவர்கள் செயலால் விடை கூறினர். அதுவே டெவிஸ் கோப்பை ஓட்டம் என்னும் பெயரால், இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, இன்றுவரை நடந்து வருகின்றது. அதன் வழிவந்த நெடுந்தூரச் சவாரிகள் அந்நாட்டில் பல. அவற்றிற்கு விதி வகுக்கும் சங்கம் 1972இல் தோன்றியது. 50 மைல் சவாரிக்கு 12 மணி நேரம், 100 மைலுக்கு 24 மணி நேரம் என்பது கணக்கு. பந்தயத் திடலில் பணம் கட்டும் கூட்டத்திற்கும் இதற்கும் தொடர்பில்லை. முதலில் வந்தவர் யார் என்பதைக் காட்டிலும் குதிரை நலத்தோடு வந்து சேர்ந்ததா என்பதையே அங்குப் பெரிதாக மதிக்கின்றனர். இக்காரணத்தினாலேயே அதனை இந்தப் பக்கங்களில் பேசத் தகுந்ததாக நாம் கருதுகின்றோம்.

வழியில் ஆங்காங்கே கால்நடை மருத்துவர்கள் நிற்பர். குதிரையின் நாடித்துடிப்பை எண்ணுவர். ஓய்வில் நிமிடத்திற்கு 30 முதல் 40 வரை துடிக்கும் அதன் நெஞ்சம், மேட்டில் விரைந்தேறும்போது 150க்கும் மேல் துடிக்கும். குறித்த நேரத்திற்குள் அது 60க்கோ 64க்கோ இறங்கினாலன்றி மேலே செல்ல விடமாட்டார்கள். ஈறை அழுத்தி நிறம் திரும்புகிறதா என்று காண்பர். தோலைக் கிள்ளி நீர்ச்சத்தை அறிவர். வயிற்றில் குடலோசை கேட்பர். கயிற்றைப் பிடித்து ஓட்டிக் காட்டச் சொல்லி நொண்டுகிறதா என்று நோக்குவர். குதிரைக்கு வாயில்லை. எனவே அதன் உடலையே பேச வைக்கின்றனர். ஏறியவர் எத்துணைச் செல்வராயினும், எத்துணை வாதாடினும், மருத்துவர் நிறுத்து என்றால் நிறுத்தவேண்டியதுதான்.

இனிக் குடும்பத்திற்கு வருவோம். பதினாறு வயது நிரம்பாத சிறுவரும் இச்சவாரியிற் கலந்துகொள்ளலாம். ஆனால் பெரியவர் ஒருவர் முதலிலிருந்து முடிவுவரை கூடவே செல்லவேண்டும் என்பது பொதுவான விதி. ஆகவே தந்தையும் மகளும், தாயும் மகனும் சேர்ந்து செல்வது அங்கு வழக்கமான காட்சி. பெரியவர் வழி தவறினால் சிறியவரும் தவறுவர்.

வழியைக் காட்டுவன மரக்கிளைகளிலும் புதர்களிலும் கட்டிய வண்ண ரிப்பன்கள். திருப்பம் வருமிடத்தில் இரண்டு மூன்று சேர்த்துக் கட்டியிருப்பர். திரும்பியபின் சிறிது தூரத்தில் மற்றொன்று இருக்கும். சரியான வழியில்தான் வந்துள்ளாய் என்று சொல்வதற்காக. புகக்கூடாத பாதையின் குறுக்கே வெள்ளைப் பொடியால் கோடு இழுப்பதும் உண்டு. இத்தனை செய்தும் மக்கள் வழி தவறுகின்றனர். காற்று சில ரிப்பன்களைக் கொண்டுபோகும். மேய வந்த மாடுகள் சிலவற்றைத் தின்றுவிடும். (நம்மூர் மாடு சுவரொட்டியைத் தின்பதைக் கண்டவர்க்கு இதில் வியப்பிராது.) குறும்பர் சிலர் அவிழ்த்து வேறிடத்திற் கட்டுவதும் உண்டு. ஆயினும் இவையெல்லாம் சிறுபான்மை. பெரும்பான்மையும் ரிப்பன் இருந்த இடத்திலேயே இருக்கும். கண்தான் அங்கு இராது. உரையாடிக்கொண்டு வருவர், முன்னே செல்லும் குதிரையின் வாலைப் பார்த்துக்கொண்டு வருவர், அகன்ற பாதை நேரே செல்ல, ரிப்பன் கட்டிய ஒற்றையடிப் பாதை புதருக்குள் பிரிவதைக் காணாது கடந்துவிடுவர். அகன்ற வழி மனத்திற்கு இனியது. அது தவறாயிராது என்று மனம் தானாகவே எண்ணிக்கொள்ளும்.

அத்தகைய ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்துப் பாருங்கள். தந்தை முன்னே, பன்னிரண்டு வயது மகள் நடுவே, தாய் பின்னே. ஒரு மைல் சென்றாயிற்று. மகள் சொல்கிறாள்: "அப்பா, ரிப்பனைப் பார்த்து நெடுநேரம் ஆயிற்று." தந்தை சொல்கிறார்: "முன்னால் இருக்கும், வா." மேலும் ஒரு மைல். இப்போது தந்தைக்கும் ஐயம் தோன்றிவிட்டது. ஆனால் வாய் திறக்கவில்லை. ஏன்? வந்தது தவறென்றால் இரண்டு மைல் வீணாயிற்று என்று ஒப்பவேண்டும். குழந்தை சொன்னது சரி என்று ஒப்பவேண்டும். இதைக் காட்டிலும் இன்னும் அரை மைல் போய்ப் பார்ப்பது எளிது. அந்த அரை மைல் ஒரு மைலாகின்றது. மைல் வளர வளரத் திரும்புதல் மேலும் கடினமாகின்றது. இழந்தது பெரிதாகப் பெரிதாக, அதனை இழப்பென்று சொல்ல நா எழாது. தாய்க்கும் தெரியும்; அவர் பேசாதிருக்கிறார். பேசினால் சண்டையாகும் என்று அவர் அறிவார்.

இவ்விடத்தில் குதிரையைப் பாருங்கள். அது ஒரு தவறும் செய்யவில்லை. கடிவாளம் காட்டிய பக்கம் நடந்தது. வெயிலில் ஓடும் குதிரை ஒரு மணி நேரத்தில் 10 லிட்டருக்கும் மேல் வியர்க்கக்கூடும். அவ்வியர்வையில் உப்பு மிகுதி. நீரும் உப்பும் ஒருசேரக் கழிவதால் அதற்குத் தாகமே தோன்றாமற் போகலாம். உடல் வற்றிக்கொண்டிருக்கும், தண்ணீரைக் காட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். 50 மைலுக்கு அளந்து வைத்த வலிமையிலிருந்து நான்கு மைல் தவறாகச் சென்று நான்கு மைல் திரும்பினால், 58 மைலுக்கான உழைப்பை அது தரவேண்டும். தண்ணீர்த் தொட்டியும் புல்லும் வைத்திருப்பது ரிப்பன் கட்டிய வழியில். இவர்கள் இருப்பதோ வேறு வழியில். தந்தையின் செருக்குக்குரிய கூலியைக் கொடுப்பது குதிரையின் குருதி. நாம் வழி தவறும்போது தனியே தவறுவதில்லை, பெருமக்களே. நம் மீது நம்பிக்கை வைத்தவர்களையும், நமக்கு அடியில் நின்று வாய்பேசாது சுமப்பவர்களையும் உடன்கொண்டே தவறுகின்றோம்.

இன்னொன்றும் உண்டு. ஏறியவர் சினங்கொண்டால் குதிரை அதனை அறியும். தொடை இறுகுவதும், கடிவாளத்தைப் பற்றிய கை விறைப்பதும், மூச்சு மேலேறுவதும் அதன் உடலுக்கு உடனே எட்டிவிடும். நீதான் பார்க்கவில்லை, நீதான் சொல்லவில்லை என்று கணவனும் மனைவியும் ஒருவர்மேல் ஒருவர் பழி கூறும் அந்த நேரத்தில், நின்றுகொண்டிருக்கும் குதிரையின் நாடியும் ஏறும். ஓய்வென்று நின்ற இடத்திலும் அதற்கு ஓய்வில்லை. வாய்ச்சொல் வன்மையாகாது காத்தல் நல்வாய்மை என்று நாம் கற்கின்றோம். அது கேட்பவர் மனத்தை மட்டுமன்றி, கேட்டுப் பொருளுணராத உயிரின் நெஞ்சத்துடிப்பையும் காக்கின்றது என்பதை இங்குக் காணலாம்.

சரி, வழி தவறியவர் செய்யவேண்டுவது யாது? அச்சவாரியின் விதி இதனைத் தெளிவாகச் சொல்லுகின்றது. எவ்விடத்தில் பாதையை விட்டு விலகினீரோ, அவ்விடத்திற்கே திரும்பி வரவேண்டும். அங்கிருந்து மீண்டும் தொடங்கவேண்டும் என்பது பொதுவான விதி. காட்டுக்குள் குறுக்கே புகுந்து முன்னே எங்காவது ரிப்பனைப் பிடித்துக்கொண்டால் அது செல்லாது. விட்டுப்போன பகுதியைக் கடந்ததாகக் கணக்கில்லை. முதற் கேள்விக்குக் கொடுமையான விதி போலத் தோன்றும். ஆனால் அதில் ஒரு தயையும் அடங்கியிருக்கிறது. தவறியவனை அது விலக்கிவிடவில்லை. திரும்பி வந்தவனுக்குப் பாதை அப்படியே திறந்திருக்கிறது. கேட்கும் தண்டனையும் ஒன்றே: வந்த தூரத்தை நடந்து திரும்புதல்.

இவ்விடத்தில் மச்சிம நிகாயத்துக் கணக மொக்கல்லான சூத்திரத்தை நினைவுகூர்வது பொருந்தும். சாவத்தியின் கீழ்ப்புறத்தில் மிகாரமாதாவின் மாளிகையில் பகவர் தங்கியிருந்த காலை, கணக்கர் தொழிலினராகிய மொக்கல்லானர் என்னும் பிராமணர் வந்து வினவினார். கணக்கைப் படிப்படியாகக் கற்பிப்பது போல் உங்கள் அறத்திலும் படிமுறை உண்டோ என்பது வினா. உண்டென்ற பகவர், பழக்குவோன் நல்ல குதிரையை முதலில் கடிவாளத்திற்குப் பழக்கிப் பின்னரே மற்றவற்றைப் பழக்குவதை உவமையாக எடுத்துரைத்தார். உம்மிடம் கற்றவர் அனைவரும் நிப்பாணம் எய்துகின்றனரோ என்று அவர் மேலும் கேட்டார். சிலர் எய்துவர், சிலர் எய்தார் என்றார் பகவர். காட்டுபவராகிய தாங்கள் இருந்தும் ஏன் அவ்வாறு என்றதற்கு, அவர் இராசகிருகம் செல்லும் வழியைக் கொண்டே விடை பகர்ந்தார். வழி கேட்டவனுக்கு நீர் இந்த ஊர், அடுத்து அந்தப் பட்டணம், பின்னர்ச் சோலையும் பொய்கையும் சூழ்ந்த நகரம் என்று தெளிவாகச் சொல்லியும், ஒருவன் மேற்கு நோக்கிப் போய்விட்டால் நீர் என்ன செய்வீர் என்று வினவினார். சாவத்திக்கு இராசகிருகம் தென்கிழக்கில் உள்ளது. மேற்கே போனவன் ஒவ்வோர் அடியிலும் அகன்றே செல்கிறான். யான் வழி சொல்பவன் மட்டுமே, யான் என் செய்வேன் என்றார் மொக்கல்லானர். ததாகதரும் அத்தகையரே என்பது பகவர் தந்த விடையின் கருத்து.

ரிப்பன் கட்டியவர் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்து இழுத்துச் செல்வதில்லை. கட்டிவிட்டு அவர் போய்விட்டார். காண்பது நம் கடமை. வேறு சமயங்களில் வழி தவறியவனைத் தூக்கிச் செல்ல ஒருவர் வருவார் என்ற நம்பிக்கை உண்டு. அதனைப் பழித்துரைப்பது நம் நோக்கமன்று. நமக்குச் சொல்லப்பட்டது வேறு.

நம் இல்லங்களுக்கு இதனைப் பொருத்திப் பார்க்கின்றோம். திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்றது பெரும்பாலும் நம்முள் மூத்தவர்கள். பிள்ளைகள் அவ்வழியிலே பிறந்தவர்கள், அல்லது நம் கையைப் பிடித்து வந்தவர்கள். வீட்டில் ஒரு திருமணமோ இறப்போ நேரும்போது, உறவினர் வருத்தப்படுவர் என்று பழைய சடங்கொன்றை உள்ளே விடுகின்றோம். அகன்ற வழி, எல்லாரும் போகும் வழி. தவறாயிராது என்று தோன்றுகிறது. அப்போது மகளோ மகனோ, "நாம்தான் பௌத்தர் ஆயிற்றே, இது எதற்கு?" என்று கேட்டால், "சின்னப் பிள்ளை, பேசாமல் இரு" என்கின்றோம். ரிப்பனைக் காணோம் என்று முதலிற் சொன்ன குரல் அது. அதனை அடக்கிய பின்னர் நாம் கடக்கும் ஒவ்வொரு மைலும் திரும்பி நடக்கவேண்டிய மைல். வயதினால் மூத்தவர் சொல்லுக்கு மதிப்புத் தருவது நன்றே. ஆயினும் வழியைக் கண்டவர் சொல் யாருடையதாயினும் அதற்கு வயதில்லை.

சிலர் குதிரையை அதன் போக்கில் விடு, அது வழி காட்டும் என்பர். இதில் பாதி உண்மை. மங்கலான ஒளியில் குதிரையின் கண் மனிதக் கண்ணிலும் நன்றாகக் காணும். இரவில் மலைச்சரிவில் கால் வைக்கும் இடத்தை அதனிடம் விட்டுவிடுவதே அறிவுடைமை. ஆயினும் ரிப்பன் எதற்காகக் கட்டியது என்பது குதிரைக்குத் தெரியாது. விட்டால் அது தன் கூட்டமும் புல்லும் உள்ள பாசறைக்குத் திரும்பப் பார்க்கும். மனமும் அப்படியே. காலடிக்கு அதனை நம்பலாம், திசைக்கு நம்பலாகாது.

அந்தக் குடும்பத்தை நடுக்காட்டில் விட்டுவந்தோமல்லவா? தந்தை கடைசியில் குதிரையை நிறுத்துகிறார். மகளைப் பார்த்து, "நீ கடைசியாக ரிப்பனை எங்கே கண்டாய்?" என்று கேட்கிறார். பட்டுப்போன பெரிய மரத்தருகே என்கிறாள் அவள். மூவரும் இறங்குகின்றனர். குதிரைகளின் முதுகுச் சுமையைக் குறைத்து, கடிவாளத்தைக் கையிற்பிடித்து, வந்த வழியே நடக்கின்றனர். இப்போது முன்னே செல்பவள் மகள். மரத்தருகே, புதர்க்கிளையில், ரிப்பன் காற்றில் ஆடிக்கொண்டிருக்கிறது. ஓடை ஒன்று வந்ததும் குதிரைகள் தலை தாழ்த்தி நெடுநேரம் குடிக்கின்றன. யாரும் அவற்றை அவசரப்படுத்தவில்லை.

அவர்கள் பாசறையை அடையும்போது 12 மணி நேரம் கடந்து 40 நிமிடம் ஆகியிருக்கலாம். அவ்வாறாயின், முடித்தவர் பட்டியலில் அவர்கள் பெயர் ஏறாது. எனினும் மருத்துவர் விளக்கொளியில் குதிரைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். ஈறு நனைந்து இளஞ்சிவப்பாய் இருக்கிறது, வயிற்றில் ஓசை இருக்கிறது, நாடி 56. மகள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறாள். குதிரை நொண்டாமல் அவள் பின்னே ஓடுகிறது.