எச்சரிப்பவரின் கடன்

ஒரு நோயை அறிகுறி தோன்றுமுன் கண்டறிந்து இறப்பைக் குறைக்கவல்ல சோதனை எதுவும் கைவசம் இல்லாத நிலையில், அந்நோயைக் குறித்து ஊர்தோறும் எச்சரிப்பது அறமாகுமா, அல்லது போக்க வழியில்லாத அச்சத்தை விதைப்பதாகுமா என்னும் வினா, சினைப்பைப் புற்றுநோய் விழிப்புணர்வில் ஈடுபடும் எவரும் முதலில் எதிர்கொள்ள வேண்டிய ஒன்றாகும். கருப்பையின் இருபுறமும் அமைந்து கருமுட்டையையும் பெண்ணுடலுக்குரிய சுரப்புநீர்களையும் உண்டாக்கும் சிறிய உறுப்புகளே சினைப்பைகள். அவற்றிலோ, அவற்றை ஒட்டிய கருக்குழாயின் விரிந்த நுனியிலோ தொடங்கி வயிற்றறைக்குள் பரவும் இந்நோய், இந்தியப் பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் மார்பகம், கருப்பைவாய் ஆகியவற்றுக்கு அடுத்த இடத்தில் உள்ளது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022ஆம் ஆண்டுக்குத் தந்த மதிப்பீட்டின்படி, நாட்டில் அவ்வாண்டு ஏறத்தாழ 47,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 33,000 பேர் இதனால் இறந்தனர். இவ்விரு எண்களும் ஒன்றையொன்று இவ்வளவு நெருங்கி நிற்பதே விழிப்புணர்வுக் குரல் எழுவதற்குக் காரணம்.

2013 முதல் மே 8ஆம் நாள் உலகச் சினைப்பைப் புற்றுநோய் நாளாகக் கடைப்பிடிக்கப்பட்டு வருகிறது. அதையொட்டிய கூட்டங்களில் பெரும்பாலும் நோயிலிருந்து மீண்ட ஒருவரின் பேச்சே நடுவிடம் பெறுகிறது. 'பம்பாய்', 'இந்தியன்', 'முதல்வன்' ஆகிய படங்களின் வழியே தமிழ் மக்கள் அறிந்த நடிகை மனிஷா கொய்ராலா, 2012ஆம் ஆண்டின் இறுதியில் இந்நோய் முற்றிய நிலையில் கண்டறியப்பட்டு, நியூயார்க்கில் அறுவை சிகிச்சையும் கீமோதெரபியும் பெற்று மீண்டு, அந்த அனுபவத்தை 2018இல் நூலாகவும் வெளியிட்டார். வீட்டுக்குள்ளேயே தாழ்ந்த குரலில் பேசப்பட்டுவந்த ஒரு நோயை அத்தகையோரின் வெளிப்படையான பேச்சு பொதுவில் பேசத்தக்கதாக்கியது என்பதில் ஐயமில்லை. மருத்துவரின் சொல்லுக்கு இல்லாத வலிமை மீண்டவரின் சொல்லுக்கு உண்டு, ஏனெனில் அவர் உயிரோடு எதிரில் நிற்கிறார். ஆனால் அறச்சிக்கல் தொடங்குவதும் அங்கேதான்: அவர் பிழைத்ததை, அவர் செய்தவற்றின் பயனாகவே கேட்போர் கொள்வர், அவர் செய்த அனைத்தையும் செய்தும் பிழைக்காத பெண்ணுக்கு மேடை வாய்ப்பதில்லை. நியூயார்க் வரை செல்ல முடிந்தவரின் வரலாறு, திண்டுக்கல் வரை பேருந்தில் சென்றுவர ஒரு நாள் கூலியை இழக்க வேண்டிய பெண்ணின் காதில் எவ்வாறு விழும் என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

திண்டுக்கல் மாவட்டத்தைப் பொறுத்தவரை, 'முன்கூட்டியே பார்த்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம்' என்ற நம்பிக்கைக்கு வலுவான அடிப்படை ஒன்று உண்டு. கருப்பைவாய்ப் புற்றுநோயைக் குறித்து உலகமே மேற்கோள் காட்டும் கள ஆய்வு ஒன்று இம்மாவட்டத்தின் ஊர்களில்தான் நடந்தது. ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையில் உள்ள கிறித்துவ மருத்துவ மையமும், பிரான்சின் லியோன் நகரில் இயங்கும் மேற்குறித்த ஆய்வு முகமையும் பிற நிறுவனங்களோடு சேர்ந்து, மாவட்டத்தின் பகுதிகளை 114 தொகுதிகளாகப் பிரித்து, அவற்றுள் குலுக்கல் முறையில் தேர்ந்த 57 தொகுதிகளில் 30 முதல் 59 வயது வரையிலான பெண்களுக்குச் சோதனை செய்தன. எஞ்சிய 57 தொகுதிகளின் பெண்கள் வழக்கமான மருத்துவ வசதிகளோடு விடப்பட்டனர். சோதனையும் எளியது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது சமையலில் பயன்படும் வினிகரை ஒத்த திரவத்தை, கருப்பைவாயில் தடவி, வெண்மையாக மாறும் பகுதி உண்டா என்று பயிற்சி பெற்ற செவிலியர் வெறுங்கண்ணால் பார்ப்பர். ஐயத்துக்குரிய பகுதியை உறையவைத்து அழிக்கும் சிகிச்சையையும் அவர்களே அளித்தனர். 2007இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான முடிவு, சோதனை பெற்ற தொகுதிகளில் நோய் 25 விழுக்காடும் அதனால் நேர்ந்த இறப்பு 35 விழுக்காடும் குறைந்திருந்ததைக் காட்டியது.

இதே ஆய்வு இன்னொரு கேள்வியையும் விட்டுச் சென்றது. சோதனை மறுக்கப்பட்ட தொகுதிகளின் பெண்களை இறப்பைக் கணக்கிடுவதற்கான ஒப்பீட்டுக் குழுவாக வைத்திருந்தது முறையா என்று, திண்டுக்கல் உட்பட இந்தியாவில் நடந்த இத்தகைய மூன்று ஆய்வுகளைக் குறித்தும் மருத்துவ அறவியலார் சிலர் பின்னாளில் வினவினர். அக்காலத்தில் நாட்டில் எந்தப் பெண்ணுக்கும் வழக்கமாகச் சோதனை கிடைக்கவில்லை என்பது ஆய்வாளர் தரப்பின் விடையாக இருந்தது. அந்த விடை முழுமையாக நிறைவு தருவதாகத் தோன்றவில்லை. எப்படியாயினும், பயன் தரும் சோதனை இருந்தும் சொல்லாதிருப்பது அறப்பிழை என்பதே அவ்விவாதத்தின் அடிநாதம். சினைப்பையில் நிலைமை இதற்கு நேர்மாறானது. பயன் தரும் சோதனை இல்லாதபோது, இருப்பதுபோல் சொல்லும் பிழைக்கே இங்கு இடம் மிகுதி.

இதற்குச் சான்றுகள் தெளிவாகவே உள்ளன. பிரிட்டனில் 50 முதல் 74 வயது வரையிலான 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை 2001 முதல் 2005 வரை சேர்த்து, ஒரு பிரிவினருக்கு ஆண்டுதோறும் ரத்தச் சோதனையும் இன்னொரு பிரிவினருக்கு ஸ்கேனும் செய்து, பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த மாபெரும் ஆய்வின் இறுதி முடிவு 2021இல் வெளிவந்தது. ரத்தச் சோதனை பெற்ற பிரிவில் நோய் முற்றாத நிலையில் கண்டறியப்பட்டோர் கூடியிருந்தனர். ஆனால் இறந்தோர் குறையவில்லை. முன்கூட்டியே அறிவதும் உயிர் காப்பதும் ஒன்றல்ல என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது. ஒருவர் இறக்கும் நாள் மாறாமலே நோயை அறிந்த நாள் மட்டும் முன்னுக்கு நகர்ந்தால், நோயோடு வாழ்ந்த ஆண்டுகள் கூடியதாகக் கணக்குக் காட்டும், வாழ்நாள் கூடியிராது. 'முதல் நிலையில் கண்டறிந்தால் பத்தில் ஒன்பது பேர் ஐந்தாண்டு கடந்தும் வாழ்வர்' என்று துண்டறிக்கைகளில் அச்சிடப்படும் வரி, தனித்துப் பார்த்தால் உண்மையே ஆயினும், எல்லோரையும் முதல் நிலையில் கண்டறிய வழியுண்டு என்ற பொய்யைத் தன்னுள் மறைத்து வைத்திருக்கிறது.

அச்சத்தால் விளையும் தீங்கும் கற்பனையன்று. அமெரிக்காவில் 78,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தப்பட்டு 2011இல் முடிவு வெளியான இத்தகைய ஆய்வொன்றில், இறப்பு குறையாததோடு, நோய் இல்லாமலே 'இருக்கலாம்' என்ற முடிவைப் பெற்றவர்கள் 3,285 பேர். அவர்களுள் 1,080 பேர் அறுவை சிகிச்சைக்கு உள்ளாயினர். அவ்வாறு அறுக்கப்பட்டோரில் 15 விழுக்காட்டினருக்குக் கடுமையான பின்விளைவுகள் நேர்ந்தன. இச்சோதனைகளில் அளக்கப்படும் சி.ஏ.125 என்னும் புரதம் புற்றுநோயில் மட்டும் கூடுவதன்று. மாதவிடாய்க் காலத்திலும், கருப்பைக் கட்டிகளிலும், கருப்பையின் உட்படலம் வெளியே வளரும் நோயிலும் கூடும். இந்தியச் சூழலில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: வயிற்றறையைத் தாக்கும் காசநோய், வயிற்றில் நீர் கோத்தல், எடை குறைதல், உயர்ந்த சி.ஏ.125 என அனைத்திலும் சினைப்பைப் புற்றுநோயைப் போலவே தோற்றம் காட்டும். அதற்குரிய மருந்தோ மாத்திரைதான். ஆய்வகங்கள் விளம்பரப்படுத்தும் 'முழு உடல் பரிசோதனை'ப் பட்டியல்களில் இச்சோதனையைக் கண்டு, அறிகுறி ஏதுமில்லாத பெண்ணை அதற்கு அனுப்பிவைக்கும் விழிப்புணர்வுப் பேச்சு, நல்லெண்ணத்தோடு பேசப்பட்டதாயினும் தீங்கையே செய்கிறது.

அப்படியானால் மீண்டவர் வாய்மூடி இருப்பதே அறமா? அந்த முடிவும் பொருந்தாது, ஏனெனில் அறிகுறியில்லாத பெண்ணைச் சோதிப்பது வேறு, அறிகுறியோடு வந்த பெண்ணின் சொல்லுக்குச் செவிகொடுப்பது வேறு. சினைப்பைப் புற்றுநோய் ஓசையின்றி வரும் நோய் என்று பல காலம் சொல்லப்பட்டுவந்தது. ஆனால் நோயுற்றோரிடம் பின்னோக்கிக் கேட்டறிந்த ஆய்வுகள், அவர்களுள் பெரும்பாலோர் பல மாதங்களாக எதையோ சொல்லிக்கொண்டுதான் இருந்தனர் என்பதை வெளிப்படுத்தின. வயிறு உப்பிக்கொண்டே இருத்தல், இரண்டு கவளம் உண்டதும் நிறைந்துவிட்டதாகத் தோன்றுதல், அடிவயிற்றில் வலி அல்லது கனம், அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றுதல் ஆகியவையே அவை. தனித்தனியே பார்த்தால் எந்தப் பெண்ணுக்கும் எப்போதும் வரக்கூடியவை. புதிதாகத் தொடங்கி, விட்டுப்போகாமல், மாதத்தில் பன்னிரண்டு முறைக்கு மேல் வரும்போதுதான் பொருள் பெறுகின்றன. இங்கிலாந்தின் 2011ஆம் ஆண்டு மருத்துவ வழிகாட்டுதல், குறிப்பாக ஐம்பது வயதைக் கடந்த பெண்ணிடம் இவை தொடர்ந்தால் முதல்நிலை மருத்துவரே ரத்தச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று கூறுகிறது. அவ்வயதில் புதிதாகத் தோன்றும் குடல் எரிச்சல் நோயின் அறிகுறிகளைச் செரிமானக் கோளாறு என்று எளிதில் முடிவுகட்டிவிடக் கூடாது என்றும் எச்சரிக்கிறது.

இந்த அறிவுரை யாரை நோக்கியது என்பதைக் கவனித்தால் விழிப்புணர்வின் அறம் எங்கே நிற்கிறது என்பது புலப்படும். மேற்கே மலையடிவாரமும் காமராசர் நீர்த்தேக்கமும், கிழக்கே சின்னாளபட்டியின் தறிகளும் காந்திகிராமமும் அமைந்த, திண்டுக்கல் மாவட்டத்தின் ஆத்தூர் வட்டாரத்தில், ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் 'சோறு இறங்கல, வயிறு திம்முன்னு இருக்கு' என்று சொல்லும்போது அதை முதலில் கேட்பவர் புற்றுநோய் மருத்துவர் அல்லர். வீட்டில் சீரகத் தண்ணீர் வைத்துத் தருபவர், மெடிக்கலில் வாய்வு மாத்திரை எடுத்துத் தருபவர், ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் நிற்கும் ஐம்பது பேருக்கு நடுவே அவரைப் பார்ப்பவர் என்று பலர் அவரது சொல்லைக் கேட்கின்றனர். மூன்றாம் முறையும் அதே குறையோடு அவர் வந்திருக்கிறார் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்பவர்தான் எவருமில்லை. முப்பது வயதைக் கடந்தோருக்கான அரசின் பொதுச் சோதனைத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுநோய்களே இடம்பெற்றுள்ளன. சான்றுகளைப் பார்க்கும்போது சினைப்பையைச் சேர்க்காதது சரியே. ஆனால் அம்மூன்றிலும் 'ஒன்றுமில்லை' என்று எழுதிக் கொடுக்கப்பட்ட சீட்டு, வயிற்றுக்குள்ளும் ஒன்றுமில்லை என்ற உறுதியாகப் பெண்களால் கொள்ளப்படுவதைத் தடுக்கும் பொறுப்பு, சீட்டைக் கொடுப்பவருக்கு உண்டு.

'உடலின் குரலைக் கேளுங்கள்' என்று பெண்களை மட்டும் நோக்கிப் பேசும் பரப்புரையின் பெருங்குறை, பழியை இடம் மாற்றி வைப்பதாகும். நோய் முற்றிய பின் கண்டறியப்பட்ட பெண்ணைப் பார்த்து, 'இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை' என்று உற்றார் கேட்கும் கேள்வியில் அன்பு இருக்கலாம். ஆயினும் அது ஒரு குற்றச்சாட்டே. சொன்னவரைக் கேளாத குற்றம் அங்கே மறைந்துவிடுகிறது; சொல்லியும் கேட்டும் உரிய நேரத்தில் பார்த்தும்கூட வேகமாகப் பரவும் வகையைச் சேர்ந்த கட்டி சிலருக்குக் கேடு செய்யும் என்ற உயிரியல் உண்மையும் மறைந்துவிடுகிறது. மீண்டவர் தம் மன உறுதியாலும் விழிப்பாலும் வென்றதாகச் சொல்லும் ஒவ்வொரு முறையும், மாண்டவர் மன உறுதியில் குறைந்தவர் என்ற சொல்லப்படாத தீர்ப்பொன்றும் உடன் வழங்கப்படுகிறது. மேடையில் நிற்பவர் இதை உணர்ந்து, தமக்கு வாய்த்த சிகிச்சையையும் பணத்தையும் நற்பேற்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவாரானால், அவர் பேச்சின் வலிமை குறையாது, நேர்மை கூடும்.

மீண்டவரின் சொல் உறுதியாக உயிர் காக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. அது மேடை அன்று, அவருடைய குடும்பம். சினைப்பைப் புற்றுநோயில் ஒரு பங்கு, பிராக்கா-1, பிராக்கா-2 எனப்படும் மரபணுக்களில் நேர்ந்த மாற்றத்தால் வருவது. அம்மாற்றம் உடைய தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு உண்டு. மாற்றம் இருப்பதாகத் தெரிந்த பெண், பிள்ளைப்பேறு முடிந்தபின் உரிய வயதில் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் அகற்றிக்கொண்டால் இந்நோய்க்கான வாய்ப்பு மிகப் பெரிதும் குறையும். பொதுமக்களுக்குச் சோதனையால் கிட்டாத பயன் இவர்களுக்குக் கிட்டுகிறது. ஆயினும் இங்கேதான் மௌனம் மிக ஆழமானது. மகளுக்கு வரன் பார்க்கும் வீட்டில் 'அம்மாவுக்கு அந்த நோய்' என்ற செய்தி வெளியே போகாமல் காக்கப்படுகிறது. அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும் மணம் முடிக்கும் வழக்கமுள்ள இடங்களில் உறவினரே சம்பந்தியாவதால், சொல்ல வேண்டியவரிடமே மறைக்க வேண்டியதாகிறது. நோயுற்றவரின் அந்தரங்க உரிமை மதிக்கத்தக்கது. ஊருக்கு அறிவிக்கும் கடமை எவருக்கும் இல்லை. உடன்பிறந்தவளுக்கும் வளர்ந்த மகளுக்கும் மட்டும் அந்த உரிமையைக் காட்டி மறைப்பது நியாயமாகாது, ஏனெனில் அந்தச் செய்தி அவர்களுடைய உடலைப் பற்றியதும் ஆகும்.

இதனோடு சேர்த்துச் சொல்லத்தக்க இன்னொரு செய்தி பலரும் அறியாதது. தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். காந்திகிராமத்தின் கஸ்தூரிபா மருத்துவமனை இத்துறையில் நெடுங்காலப் பெயர் பெற்றது. கருக்குழாயைக் கட்டும் அந்த அறுவை சிகிச்சை சினைப்பைப் புற்றுநோய்க்கான வாய்ப்பையும் ஓரளவு குறைக்கிறது என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. முற்றாக நீக்குவதில்லை என்பதால், 'ஆபரேஷன் பண்ணியாச்சு, இனி ஒன்றுமில்லை' என்று எண்ணுவதற்கு இடமில்லை.

நோயிலிருந்து மீண்டவரைப் பேசும்படி கட்டாயப்படுத்த எவருக்கும் உரிமையில்லை; தம் துன்பத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பிறருக்குப் பாடமாக்குவது அவர் விரும்பி அளிக்கும் கொடையே. கேட்கும் கடமையோ ஊதியம் பெற்றுப் பணிபுரிவோர்க்கு விருப்பத்தைப் பொறுத்ததன்று. ஆதலால், ஆத்தூரில் அடுத்த மே 8ஆம் நாள் கூட்டம் நடத்த எண்ணுவோர், மகளிர் குழுக்களுக்கு அழைப்பு அனுப்புமுன், வட்டாரத்தின் கிராம சுகாதார செவிலியர், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், மருந்துக்கடை நடத்துவோர் ஆகியோருக்கு முதல் அழைப்பை அனுப்பி, மீண்டவரின் பேச்சை அவர்களை முன்வரிசையில் அமர்த்திக் கேட்கச் செய்ய வேண்டும்.