கோழை யார்?

எஹலியகொடவை அடுத்த தோட்டமொன்றின் வாலிபர் ஐவர், அண்மையில் விடுமுறை நாளொன்றில் இரத்தினபுரி, பலாங்கொடை, அப்புத்தளை வழியாக எல்ல என்னும் மலையூருக்குச் சென்றனர். அங்குள்ள ‘ஜிப் லைன்’ கம்பியில் தொங்கிச் சறுக்கிப் பார்ப்பதே நோக்கம். ஐவருக்கும் அது முதல் தடவை. நால்வர் சறுக்கினர். ஐந்தாமவன் மேடைவரை ஏறி, பள்ளத்தைப் பார்த்ததும், “எனக்குப் பயமாக இருக்கிறது, நான் வரவில்லை” என்று இறங்கிவிட்டான். வீடு வந்து சேரும்வரை அவனுக்குக் ‘கோழை’ என்பதே பெயர்.

சில நாள் கழித்து அவன் என்னிடம் கேட்டான்: “சுவாமி, நான் கோழையா?”

கேள்வி சிறியதன்று. சற்றுச் சிந்திப்போம்.

உயரத்திலிருந்து தாழ்வுக்கு இழுத்துக் கட்டிய இரும்புக் கம்பி. அதில் ஓடும் கப்பி. கப்பியில் மாட்டிய பட்டியில் மனிதன். எல்லவில் இக்கம்பி அரைக் கிலோமீற்றருக்கும் மேல் நீளும். தோட்டத்து மக்களுக்கு இது முற்றிலும் புதிதன்று. முன்னாளில் மலைத்தோட்டங்களில் கொழுந்து மூட்டைகளைக் கம்பிவழியே தொழிற்சாலைக்கு இறக்கினார்கள். அன்று மூட்டை போன வழியில் இன்று மனிதன் காசு கொடுத்துப் போகிறான். அவ்வளவே.

இதில் தவறுண்டா? இல்லை. பட்டியைச் சோதித்து, தலைக்கவசம் அணிந்து, பொறுப்பாளர் சொற்படி நடப்பவன் உயிரோடு விளையாடுபவன் அல்லன். ஆனால் நெஞ்சு நோயை மறைத்தோ, குடித்துவிட்டோ, நண்பர் முன் வெட்கப்பட்டு ஏறினால், அது துணிவன்று, மூடத்தனம். கோயில் உச்சியிலிருந்து குதித்துக் காட்டும்படி அலகை தூண்டியபோது ஆண்டவர் மறுத்தார். அந்த மறுப்பை யாரும் கோழைத்தனம் என்பதில்லை.

துணிவு என்பது கோழைத்தனத்துக்கும் கண்மூடித்தனத்துக்கும் நடுவே நிற்பது என்றார் அரிஸ்டோட்டில். அச்சம் அன்பிலிருந்து பிறக்கிறது, நேசிப்பதை இழந்துவிடுவோமோ என்றே அஞ்சுகிறோம் என்று விளக்கினார் அக்குவினா நகர்ப் புனித தோமாஸ். அளவுமீறிய அச்சத்தைப் போலவே, அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமையும் குற்றமே என்பது அவர் போதனை. வள்ளுவர் கருத்தும் அதுவே.

இனி அந்த நால்வரிடம் வருவோம். அவர்களில் ஒருவன் பின்னர் என்னிடம் தனியே ஒப்புக்கொண்டான்: “பள்ளத்துக்குப் பயந்ததைவிட இவன்களுடைய சிரிப்புக்குத்தான் அதிகம் பயந்தேன், சுவாமி.” அப்படியானால் அன்று பயத்துக்குப் பணிந்தவன் யார்? இறங்கியவன் மட்டுமா?

இறங்கிய மகனுக்கு நான் சொன்ன பதில் இது: “பயந்ததைப் பயந்தேன் என்று நால்வர் முன் சொன்னாயே, அதற்கும் துணிவு வேண்டும். ஆனால் அதையே பெருமையாக்கிக் கொள்ளாதே. விளையாட்டிலிருந்து விலகலாம்; கடமையிலிருந்து விலகலாகாது. உன் துணிவுக்கு உண்மையான சோதனை அங்கேதான் வரும்.”

புனித தோமாஸ் இன்னொன்றும் சொன்னார். துணிவின் தலையாய செயல் பாய்ந்து தாக்குவதன்று, தாங்கி நிற்பது. விடியுமுன் எழுந்து, மழையில் வழுக்கும் சரிவில் அட்டைக் கடியோடு இறப்பர் பால் வெட்டும் தாயைப் பாருங்கள். அவளுக்குப் பட்டியுமில்லை, கைதட்டலுமில்லை. 2017 மே மாதம் இரத்தினபுரி மாவட்டத்தில் மலை சரிந்து உயிர்களைக் கொண்டுபோனது. அதன் பின்னும் சரிவுகளின் கீழுள்ள லயங்களில் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு எத்தனையோ குடும்பங்கள் உறங்குகின்றன. விரும்பி ஏறியவனுக்கு ஆபத்து அரை நிமிடம். வேறு வழியற்றவர்களுக்கு அது ஆண்டு முழுவதும்.

பெற்றோரே, பிள்ளைகளை இத்தகைய பயணங்களுக்கு அனுப்ப அஞ்ச வேண்டாம், கவனமாக அனுப்புங்கள். வாலிபரே, அடுத்த தடவை ஒருவன் மேடையிலிருந்து இறங்கினால் அவனுக்குப் பட்டப்பெயர் வைக்காதீர்கள். அவன் கையில் உங்கள் பைகளைக் கொடுத்து, “கீழே நில்லடா, வந்துவிடுகிறோம்” என்று சொல்லுங்கள். நட்புக்கு அவ்வளவு போதும்.