சிபியின் தராசு

புக்கிட் பாஞ்சாங் அடுக்குமாடிகளில் ஒரு சுவரே இரு குடும்பங்களைப் பிரிக்கிறது. அங்கே பறவை வளர்ப்போனின் அன்புக்கு எல்லை உண்டா?

1997இல் ஹாங்காங்கில் பறவைக் காய்ச்சல் 18 பேரைப் பற்றியது, அறுவர் மாண்டனர். 2017இல் சிங்கப்பூர் சின் மிங் பகுதியில் முறையீடுகளாலும் நோயச்சத்தாலும் 24 கோழிகள் கொல்லப்பட்டன, பலர் வருந்தினர்.

பந்தயப் புறாவுக்கு வானமே வாழ்வு; அதனை அடைத்தல் கொடுமையன்றோ எனலாம். ஆயின் புறாவுக்காகச் சிபி அரிந்தது தன் தசையை, அயலான் தசையையன்று. நோய்க்காலத்தில் புறாவை அடைத்துக் காப்பவன் தன் மகிழ்ச்சியை அரிகிறான். தடையை மீறிப் பறக்கவிடுபவனோ பிறர் நலத்தைத் தட்டில் வைக்கிறான். சிறை ஒருநாள் நீங்கும். போன உயிர் மீளாது.

அரசுக்கும் அத்தராசு பொதுவே. அடைத்துக் காக்கக்கூடிய உயிரை அச்சத்தால் மட்டும் அழித்தல் அறமாகாது.