முதுமையின் பணம் யாருடையது?

"இந்த வயசில் பணத்தைக் கட்டிக்கொண்டு என்ன செய்யப்போகிறாய்? பகவான் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு நிம்மதியாக இரு." எங்கள் மயிலாடுதுறைப் பக்கத்தில் எழுபதைத் தாண்டிய பெண்கள் எல்லோரும் இதைக் கேட்டிருப்பார்கள். பிள்ளைகள் சொல்கிறார்கள், உறவுக்காரர்கள் சொல்கிறார்கள், சில உபன்யாசகர்களும் சொல்கிறார்கள். சொன்ன கையோடு, காதற்ற ஊசியைக் கண்டு அத்தனை செல்வத்தையும் விட்டுப்போன பட்டினத்தாரைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள்.

நான் வங்கியில் கிளை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது ஒரு முதியோர் இல்லத்துக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். அங்கே இருக்கும் பெண்களோடு உட்கார்ந்து பேசும்போதெல்லாம் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. வயதான காலத்தில் சேமிப்பைக் காத்துக்கொள்வது பற்றா? பற்று என்றால் அதை அறுக்க வேண்டாமா?

பட்டினத்தாரிடமிருந்தே தொடங்குகிறேன். அவர் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர், எங்கள் ஊருக்கு ரொம்பத் தூரத்தில் இல்லை. அவர் விட்டது அவருடைய செல்வத்தை. விட்ட பிறகு திருவோட்டை ஏந்தி நடக்க அவருக்குக் கால் இருந்தது. பக்கவாதம் வந்து வலது பக்கம் அசையாமல் கிடக்கும் எண்பது வயதுப் பெண் எந்தத் தெருவில் போய்த் திருவோடு ஏந்துவாள்? அவளைப் புரட்டிப் படுக்கவைக்க ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வேண்டும். அதுமட்டுமல்ல. எல்லாவற்றையும் துறந்த அதே பட்டினத்தார் தாய் இறந்தபோது திரும்பி வந்து கொள்ளி வைத்தார் என்றுதான் கதை சொல்கிறது. துறவிக்கே கடன் பாக்கி இருந்தது. இல்லறத்தில் இருந்து முதிர்ந்தவளுக்கு இருக்காதா?

புத்தரைப் பாருங்கள். அரண்மனையை விட்டு வெளியேறியவர். அவர் சிகாலன் என்ற இல்லறத்தானுக்குச் சொன்ன அறிவுரை பாலி நூல்களில் இருக்கிறது. வரும் பொருளை நான்கு பங்காக்கி, ஒன்றைத் துய்க்கவும், இரண்டைத் தொழிலில் போடவும், நான்காவதை ஆபத்துக் காலத்துக்கு எடுத்துவைக்கவும் சொல்கிறார். ஊருக்கெல்லாம் நிலையாமையைப் போதித்தவர், குடும்பம் நடத்துகிறவனிடம் சேமித்து வை என்றார். இஸ்லாத்தில் ஒரு வருடம் கையில் நின்ற சேமிப்புக்கு இரண்டரை சதவீதம் ஜகாத். சேமிப்பே பாவம் என்றால் அதற்கு ஏன் ஒரு கணக்கு இருக்கப்போகிறது?

எனக்கு வழிகாட்டியது காந்தி சொன்ன தர்மகர்த்தா முறை. உலகிலுள்ளது அனைத்தும் ஈசனுடையது என்று தொடங்கும் ஈசாவாஸ்ய உபநிடதத்தின் முதல் மந்திரத்தை இந்து சமயத்தின் சாரமாகவே அவர் கருதினார். எல்லாம் ஈசனுடையது என்றால் என் வைப்புத்தொகையும் ஈசனுடையதுதான். நான் அதற்குத் தர்மகர்த்தா. கோயில் நகைக்குப் பூட்டுப் போடுகிற தர்மகர்த்தாவை யாரும் பேராசைக்காரர் என்பதில்லை. பூட்டாமல் விட்டால்தான் ஊர் கேள்வி கேட்கும். என்னுடையது என்பதற்காகக் காப்பது வேறு, என்னிடம் ஒப்படைக்கப்பட்டது என்பதற்காகக் காப்பது வேறு. நாளைக்குப் படுக்கையில் விழப்போகிற ஒரு கிழவிக்காக இன்று நான் அந்தப் பணத்தைக் காக்கிறேன். அந்தக் கிழவி நானே என்பதால் கடமை குறைந்துவிடாது.

தர்மகர்த்தாவுக்குக் கணக்கும் தெரிய வேண்டும். அஞ்சலகத்திலும் வங்கியிலும் உள்ள மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் அதிகபட்சம் 30 லட்சம் போடலாம். 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு 61,500 ரூபாய், மாதக் கணக்கில் 20,500. அவ்வளவு பெரிய தொகை கையில் இருப்பவர்களே குறைவு. இருந்தாலும்கூட, இரவு பகலாக ஆள் வைத்துப் பார்க்கும் இல்லத்தின் கட்டணத்துக்கு இந்த வட்டி மட்டும் பல சமயம் போதாது. வங்கி மூழ்கினால் டெபாசிட் இன்சூரன்ஸ் உண்டு. 2020 பிப்ரவரியிலிருந்து அது ஒருவருக்கு ஒரு வங்கியில், அசலும் வட்டியும் சேர்த்து, 5 லட்சம் வரை. ஒரே வங்கியின் நான்கு கிளைகளில் பிரித்துப் போட்டால் நான்கு மடங்காகாது. முதியோர் இல்லத்தில் சேரும்போது வாங்கும் முன்பணத்துக்கும் ஏலச்சீட்டுக்கும் இந்தக் காப்பீடு கிடையாது. முன்பணம் எப்போது, எவ்வளவு பிடித்தம் போகத் திரும்பும் என்பதை எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். நல்லவர்கள் நடத்தும் இல்லமாகவே இருந்தாலும் இதைக் கேட்பதில் தவறில்லை.

வங்கியில் பெட்டக அறையைக் காஷியர் சாவியும் என் சாவியும் சேர்ந்தால்தான் திறக்க முடியும். காஷியர் தங்கமானவர். ஆனாலும் ஒருநாளும் என் சாவியை அவரிடம் கொடுத்ததில்லை, அவரும் வருத்தப்பட்டதில்லை. நம்பிக்கை என்ற பெயரில் ஏடிஎம் கார்டையும் பின் நம்பரையும் சேர்த்துப் பேரனிடம் கொடுப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு இது நினைவுக்கு வரும். பேரனுக்கு அது வரமல்ல, சோதனை. நம்பிக்கையானவரைச் சேர்த்து 'இருவரில் ஒருவர்' என்று கூட்டுக் கணக்கு வைக்கலாம், அன்றாடச் செலவுக்கு மட்டும் அதில் பணம் வைத்துக்கொள்ளலாம்.

பிள்ளைகளுக்கு எழுதிவைப்பதும் இப்படித்தான். வீட்டைத் தான செட்டில்மெண்ட் செய்துகொடுத்துவிட்டு, "எல்லாம் துறந்துவிட்டேன்" என்று சொன்ன ஒரு அம்மா எங்கள் இல்லத்தில் இருக்கிறார். அதை எப்படித் துறவு என்பது? திரும்ப ஒரு பிடி சோறும் ஒரு கட்டிலும் கிடைக்கும் என்று எதிர்பார்த்துத்தானே கொடுத்தார்? அந்த எதிர்பார்ப்பு நியாயமானது, அதில் வெட்கம் ஒன்றுமில்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007-இன் 23-ஆம் பிரிவு, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பிள்ளைகள் பராமரிக்காவிட்டால் ரத்துசெய்ய வழி தருகிறது. அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். "பெற்ற பிள்ளையிடம் நிபந்தனையா?" என்று கேட்டால், பிள்ளைக்கும் அது அவன் கடமையை நினைவூட்டும் என்று சொல்லுங்கள்.

அப்படியானால் பற்று என்பது எங்கே இருக்கிறது? நான் பார்த்திருக்கிறேன். மூன்று வங்கிகளில் வைப்புத்தொகை வைத்துக்கொண்டு, கண்புரை அறுவைக்குச் செலவாகுமே என்று தடவித் தடவி நடப்பவர்களிடம் இருக்கிறது. வேலைக்காரப் பெண் தன் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு ஆயிரம் ரூபாய் கேட்டால் முகம் சுருங்குபவர்களிடம் இருக்கிறது. தர்மகர்த்தா பூட்டுவது திருவிழாவன்று நகையை எடுத்து சுவாமிக்குச் சாத்துவதற்காக. செலவழிக்க வேண்டிய இடத்தில் கை வராவிட்டால், அந்தப் பூட்டுக்குத்தான் பற்று என்று பெயர்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியை ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். வீடியோ அழைப்பில் போலீஸ் உடையில் ஒருவன் வந்தான். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, உங்களை 'டிஜிட்டல் கைது' செய்திருக்கிறோம், யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்றான். கேமராவை அணைக்காமல் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தார். மறுநாள் வங்கிக்குப் போய், அவன் சொல்லிக்கொடுத்தபடி வீட்டு வேலைக்கென்று சொல்லி, வைப்புத்தொகையை முறித்து அனுப்பிவிட்டார். விஷயம் தெரிந்ததும் உறவினர்கள் சொன்னது: "போன ஜென்மத்துக் கடன், தீர்ந்தது என்று நினைத்துக்கொள்." சிலர், "பேராசைப்பட்டிருப்பாள்" என்றார்கள்.

டீச்சர் எதற்கும் ஆசைப்படவில்லை. வாழ்நாள் முழுக்கச் சட்டத்துக்குப் பயந்தவர், அவமானத்துக்குப் பயந்தவர். திருடன் பிடித்துக்கொண்டது அவருடைய நற்குணத்தை. பாதிக்கப்பட்டவர் தலையில் கர்மாவைக் கட்டுவது சமயம் ஆகாது. அது திருடனுக்குச் செய்யும் உதவி. ஏனென்றால் அனுப்பிய பணம் சில மணி நேரத்துக்குள் கணக்கு விட்டுக் கணக்கு தாவிப் போய்விடுகிறது. முதல் மணிகளில் புகார் போனால்தான் வழியில் எங்காவது முடக்கிவைக்க முடியும். அந்த நேரத்தை டீச்சர் அழுதே கழித்தார், சொந்தக்காரர்கள் விதியைப் பேசியே கழித்தார்கள். கர்மக் கொள்கையை நானும் நம்புகிறவள். இப்போது செய்யும் செயலுக்குப் பலன் உண்டு என்பதும் அதே கொள்கைதான். புகார் கொடுப்பதும் ஒரு செயல்.

இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்று கிடையாது. எந்தப் போலீசும் நீதிபதியும் வீடியோவில் கைதுசெய்து பணம் கேட்பதில்லை. நமக்குப் பணம் வருவதற்கு யுபிஐ பின் நம்பர் போடத் தேவையே இல்லை. வங்கிக் கவுன்டரில் இருக்கும் பெண், "எதற்கு அம்மா முறிக்கிறீர்கள்?" என்று கேட்டால் கோபப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள். அவளிடமும் ஒரு சாவி இருக்கிறது. உங்கள் தெருவில் ஒரு பெரியவர் ஏமாந்துவிட்டார் என்று தெரிந்தால், அவர் செய்த தவறு என்ன என்று விசாரிக்காமல், முதலில் சைபர் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழுத்திப் போனை அவர் கையில் கொடுங்கள்.